இரண்டாவது பாட்டுக்கு நிற்பவர்கள்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் இங்கெர் தன் சொந்த மகளின் பாட்டிடமிருந்து நாலு தடவை தப்பித்திருந்தாள்.

முதலில் சமையலறை ரேடியோ. அதை அணைத்தாள். அடுத்து ரொட்டிக்கடை. தலைவலி என்று பொய் சொல்லி அங்கேயும் அணைக்க வைத்தாள். மருந்துக்கடையில் வரிசை எண் சீட்டைப் பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். படகுத்துறைக்குப் போய் நிம்மதியாக மூச்சு விடலாம் என்று பார்த்தால், அங்கே படகு கழுவிக்கொண்டிருந்த ஆள் அதையே சீட்டியடிக்கிறார். சீட்டியை எந்தப் பொத்தானை அமுக்கி நிறுத்துவது?

எங்கள் ஆல்ம்விக் முழுக்க ஏழு வாரமாக இதே கதைதான். லோவா பாடிய ‘ஜூலை வெளிச்சம்’ ரேடியோ வரிசையில் முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. ஜிகினாச் சட்டையும் புகை மேடையுமாக ஸ்டாக்ஹோமில் பாடிக்கொண்டிருந்த பெண், நாற்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா ஹோகன் தன் நடனக் குழுவுக்கு எழுதிய பாட்டைத் தூசி தட்டி எடுத்துப் பாடினாள். அன்றைக்கு ஒரே ஒரு வாரம், அதுவும் கடைசி இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போன பாட்டு அது. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகும்போது பாடுகிறார்கள். ஊருக்கே பெருமை. பெற்ற தாய்க்கு மட்டும் பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு என்னதான் கோபம் என்று போன வாரம் லோவா, அக்கா மாலினிடம் போனில் அழுதது நினைவிருக்கும். அதே வாரம்தான் ஹோகன் படகு வீட்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கிறேன் என்று ஏணியில் ஏறி, இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஆசைப்பட்டாலும் அக்கார்டியன் பெட்டியை மடியில் வைத்து வாசிக்க முடியாது. வீட்டுக்குள் நடந்து நடந்து தரை தேய்ந்துபோகிறது என்று மாலின் சொன்னாள்.

இங்கெரின் கைப்பையில் ஓர் உறை இருந்தது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய உறை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ‘இனி பெட்டியைத் தொட மாட்டேன்’ என்று இங்கெரிடம் சத்தியம் செய்த ஹோகன், அடுத்த வசந்தம் வருவதற்குள் தொட்டார். அன்றைக்கே இங்கெர் நூலகத்துக்கு மேலே உள்ள சின்ன வீட்டுக்குக் குடிபோனாள். அப்போதுகூட விவாகரத்து என்ற பேச்சு இல்லை. இந்த ஜனவரியில் அவள் தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். நாற்பத்தொரு வருஷம் பனியிலும் சேற்றிலும் மஞ்சள் வண்டி ஓட்டியவளுக்குத் தீயணைப்பு நிலையத்தில் விருந்து வைத்தார்கள். இறால் அடுக்கிய சாண்ட்விச் கேக், எண்பது பேர். புருஷன் மட்டும் இல்லை. ஓலாண்டுத் தீவுக்குப் போகும் நடனக் கப்பலில் வாசித்துக்கொண்டிருந்தார். போனில் கூப்பிட்டு வாழ்த்துப் பாடினார். பின்னால் கப்பல் சங்கு ஊதியது.

மறுநாளே இங்கெர் விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஹோகன் சம்மதிக்கவில்லை. ஒருத்தருக்குச் சம்மதம் இல்லை என்றால் ஆறு மாதம் யோசியுங்கள் என்பது சட்டம். அந்த ஆறு மாதம் போன புதன்கிழமை முடிந்தது. இன்னொரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். கையெழுத்துப் போட்டாயிற்று, தபால்தலையும் ஒட்டியாயிற்று. ஊரார் தபாலையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவளுக்குத் தன் தபாலைப் போட மட்டும் மூன்று நாளாகக் கை வரவில்லை.

ஏனென்றால் போட்டால் போட்டதுதான். அது அவளே ஊருக்கு வைத்த சட்டம். ஒரு தடவை எங்கள் பாதிரியார் கோபத்தில் பிஷப்புக்கு எழுதிய கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, திருப்பிக் கொடுத்துவிடும்படி மழையில் நின்று கெஞ்சினார். பெட்டிக்குள் விழுந்தது வாங்கப்போகிறவருக்குச் சொந்தம் என்று சொல்லி, இங்கெர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

பதினோரு மணிக்கு லோவா வந்தாள். கையில் ஒரு கூடை ஸ்ட்ராபெரி, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பட்டை பன்களில் ஒன்றைச் சூட்டோடு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். பன்கள் எல்லாம் சாயங்காலத்து நடன மேடைக்கு. ஏரிக்கரை மேடையில் இன்றைக்கு லோவா பாடுகிறாள், அப்பாவின் பழைய குழு வாசிக்கிறது, மாலின்தான் நடனச் சங்கத்தின் தலைவி. காபி விற்கிற ஜன்னலில் இங்கெர். அது நாற்பது வருஷமாக அவள் இடம்.

“அம்மா, நேராவே கேக்கறேன். என் பாட்டுல என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்ல.”

“அப்ப ஒரு தடவையாச்சும் முழுசாக் கேளேன்.”

இங்கெர் பன்களைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள்.

“நீ பாடினதை மட்டும் இல்லடி. உங்கப்பா பாடினதையே நான் முழுசாக் கேட்டதில்ல. முதல் வரி வந்ததும் குடத்தைத் தூக்கிட்டுக் காப்பிக்குத் தண்ணி பிடிக்கப் போயிடுவேன். கடைசி வரி முடிஞ்சாத்தான் வருவேன்.”

லோவா ஒரு காபியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் இங்கெர் சொன்னாள். பெற்ற பெண்கள் இரண்டு பேரிடமும் இதுவரை சொல்லாத விஷயம்.

எங்கள் பக்கத்து நடனத்தில் பாட்டுகள் ஜோடி ஜோடியாகத்தான் வரும். ஒருத்தர் வந்து கூப்பிட்டால், கூப்பிட்டவரோடு இரண்டு பாட்டுக்கு ஆட வேண்டும். முதல் பாட்டு முடிந்ததும் யாரும் கையை விட மாட்டார்கள், தளத்தை விட்டு நகர மாட்டார்கள். வானிலையைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டு அப்படியே நிற்பார்கள். இரண்டாவது பாட்டும் முடிந்த பிறகு நன்றி சொல்லி, கொண்டுபோய் உட்கார்ந்திருந்த இடத்தில் விட வேண்டும். ஒரே பாட்டோடு விட்டுவிட்டுப் போவது, பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்புகிற மாதிரி. குடிகாரன்கூட அதைச் செய்ய மாட்டான்.

கல்யாணமான முதல் ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஆல்ம்விக் மேடையில் வேறு ஊர்க் குழு வாசித்தது. ஹோகனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. முதல் தடவையாக இரண்டு பேரும் சேர்ந்து தளத்தில் இறங்கினார்கள். இங்கெர் இதற்காகவே மஞ்சள் பாவாடை தைத்திருந்தாள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதுக்குக் கை கோத்து நிற்கும்போது, மேடையில் அக்கார்டியன்காரருக்கு மூக்கில் ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. ஹோகன் எங்கே, ஹோகன் எங்கே என்று கூப்பிட்டார்கள்.

“‘ஒரே நிமிஷம்’னு சொல்லிட்டு மேடைக்கு ஓடினாரு” என்றாள் இங்கெர். “இருநூறு ஜோடி சுத்துது. நடுவுல நான் ஒருத்தி நிக்கறேன். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியல.”

அதற்குப் பிறகு ஹோகன் தளத்துக்கு வரவேயில்லை, மேடையோடு சரி. நாற்பது வருஷம் ஊரை ஆட வைத்தவர் பெண்டாட்டியோடு ஆடியது அரை ஆட்டம். போதாததற்கு அதே வாரம் உட்கார்ந்து ‘ஜூலை வெளிச்ச’த்தை எழுதினார். முதல் வரியிலேயே மஞ்சள் பாவாடை வருகிறது. தன் அவமானத்தை ரெக்கார்டு போட்டு விற்றுவிட்டார் என்றுதான் இங்கெர் அன்றைக்கும் நினைத்தாள், இன்றைக்கும் நினைக்கிறாள்.

லோவா காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. “எனக்கு ஒரு வேலை இருக்கும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் படியிறங்கினாள்.

மகளைப் புண்படுத்திவிட்டோம் என்று இங்கெர் நினைத்தாள். கூடவே இன்னொன்றும் தோன்றியது. மனசுக்குள்ளேயே கிடந்தவரை அது ஒரு வலியாக இருந்தது. வாய்விட்டுச் சொன்னதும், இத்தனை வருஷமாக நடுத்தளத்தில் நின்றுகொண்டிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. நின்றது போதும் என்று முடிவு செய்தாள்.

மூன்றரை மணிக்கு, பன் தட்டுகளோடு மேடைக்குப் போகிற வழியில், மூலையில் இருந்த மஞ்சள் தபால் பெட்டியில் உறையைப் போட்டாள். உள்ளே அது விழுகிற சத்தம் கேட்டது. லட்சம் தடவை கேட்ட சத்தம்தான்.

*

லோவா ஏன் அப்படி ஓடினாள்?

குளிர்காலத்தில் இந்தப் பாட்டைத் தேடி அவள் அப்பாவின் அக்கார்டியனை வைக்கிற பழைய மரப்பெட்டியைக் குடைந்தபோது, வெல்வெட் துணிக்கு அடியில் ஒரு தாள் கிடைத்தது. இரண்டு சரணம் மையில், ரெக்கார்டில் இருப்பது போலவே. மூன்றாவது பென்சிலில், ரெக்கார்டில் இல்லாதது. படித்துப் பார்த்தாள். கவிதையாகவே இல்லை, ஏதோ கணக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. பாட்டும் மூன்று நிமிஷத்தைத் தாண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அதன் அர்த்தம் இன்றைக்குத்தான், அம்மாவின் சமையலறையில், அவளுக்கு விளங்கியது.

மேடையில் பழைய ஆட்கள் நாலு பேரும் ஒத்திகைக்குக் காத்திருந்தார்கள். ஒரு காலத்தில் இளஞ்சிவப்புக் கோட்டும் சுருக்கு வைத்த சட்டையுமாக நின்றவர்களுக்கு இப்போது கோட்டில் பொத்தான் போட முடியவில்லை. டிரம் வாசிப்பவர் ஸ்டூரே. வாரநாளில் தபால் வண்டி ஓட்டுகிறார், இங்கெரிடம் தொழில் கற்றவர். மாலின், ஆடுகிற கால் வழுக்கிச் சுழலட்டும் என்று தளத்தில் மெழுகுப் பொடி தூவிக்கொண்டிருந்தாள்.

“உன் பாட்டுக்கு நின்னு அழலாம், ஆட முடியாது” என்றாள் மாலின். “போன சனிக்கிழமை ரெக்கார்டு போட்டேன். ஜனங்க மாடு மாதிரி நின்னாங்க.”

“தெரியும்க்கா. அப்பா வேகத்துலயே பாடறேன்” என்று லோவா தாளை ஸ்டூரேயிடம் நீட்டினாள். “இதையும் சேத்து.”

ஸ்டூரே பென்சில் வரிகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

“இது எனக்குத் தெரியும்மா. உங்கப்பன் இதைத் தொட விடமாட்டான். ‘இதைப் பாடறப்ப நான் மேடையில இருக்கக் கூடாது, கீழ இருக்கணும்’பான். ஆனா இவன் எந்த நாள்தான் கீழ இருந்தான்?”

“இன்னிக்கு இருப்பாரு” என்றாள் லோவா. அக்காவைத் தனியே கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசினாள். மாலின் கேட்டுவிட்டு, மெழுகுப் பொடி ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நேரே காபி அறைக்குப் போய், இருந்த குடம், வாளி, கெட்டில் எல்லாவற்றிலும் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து வைத்தாள்.

*

ஏழு மணிக்கு ஏரியின் மேல் வெயில் இன்னும் உயரத்தில் இருந்தது. கொசு வந்துவிட்டது, கார்கள் வயல் வரைக்கும் நின்றன. ஸ்டாக்ஹோம் பாடகியைப் பார்க்க வந்த சிறுசுகள் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் கும்பலாக நிற்க, ஆட வந்த பெரிசுகள் அவர்களை முழங்கையால் நகர்த்தித் தளத்தைப் பிடித்தார்கள். கொஞ்சம் வாய்ச்சண்டையும் நடந்தது. மாலின் விசில் ஊதிப் பிரித்துவிட்டாள்.

ஹோகன் ஆண்கள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இளஞ்சிவப்புக் கோட்டின் ஒரு கை மாவுக்கட்டுக்கு மேல் ஏறாததால் தோளில் சும்மா தொங்கியது. மேடையைப் பார்ப்பதும் மடியைப் பார்ப்பதுமாக இருந்தார். மடியில் ஒன்றும் இல்லை. ஒரு தடவை காபி ஜன்னல் பக்கம் பார்த்துத் தலையை அசைத்தார். இங்கெர் கோப்பைகளை அடுக்கினாள்.

லோவா ஜிகினா இல்லாமல், அக்காவின் சாதாரணப் பருத்திச் சட்டையில் வந்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். ஸ்டூரே குச்சியைத் தட்டினார். அப்பாவின் வேகம், அப்பாவின் தாளம், மேலே மகளின் குரல். முதல் வரியில் மஞ்சள் பாவாடை வந்ததும் தளம் முழுக்கச் சுழல ஆரம்பித்தது. நானும் ஆடினேன், இடுப்பு வலியை மறந்து ஆடினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இங்கெர் வழக்கம்போலக் குடத்தைத் தூக்கினாள். நிறைந்திருந்தது. வாளியைப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

“தண்ணி வேணும்ங்கற அளவுக்கு இருக்கும்மா” என்றாள் மாலின், கதவை மறித்து நின்றபடி. “இங்கயே இரு.”

இருக்க வேண்டியதாயிற்று. முதல் சரணத்தைக் கேட்டாள், இரண்டாவதையும் கேட்டாள். முடிந்தது என்று பெருமூச்சு விட்டபோது, ரேடியோவில் நிற்கிற இடத்தில் பாட்டு நிற்கவில்லை. ஆண்கள் பெஞ்சில் ஹோகனின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

லோவா யாரையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்:

*ஒன்று ஆடினோம், ஒன்று பாக்கி,*
*விட்ட இடத்தில் நிற்கிறாயா?*
*பெட்டியை நான் இறக்கும் நாளில்*
*கேட்க மாட்டேன், வந்து நிற்பேன்.*

அவ்வளவுதான் பாட்டு. நாற்பது வருஷமாகத் தண்ணீர் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த இங்கெருக்குத் தெரியாமலே போனதும், ஹோகன் சொல்லத் தைரியமில்லாமல் துணிக்கு அடியில் வைத்ததும் இந்த நாலு வரிதான். மன்னிப்பு என்ற வார்த்தைகூட அதில் இல்லை. ஆனால் இங்கெர் கையிலிருந்த கோப்பையைச் சாஸருக்கு வெளியே வைத்தாள்.

சிறுசுகள் கை தட்டினார்கள். ஆடியவர்கள் தட்டவில்லை. கை கோத்தபடி, இரண்டாவது பாட்டுக்காக நின்றார்கள்.

ஹோகன் எழுந்தார். நிற்கிற ஜோடிகளுக்கு நடுவே வழி கேட்டுக்கேட்டு, தளத்தைக் குறுக்கே கடந்து வந்தார். ஜன்னலைச் சுற்றிக் கதவு வழியாக உள்ளே வந்து, இங்கெரின் பக்கத்தில் நின்றார். ஆட வருகிறாயா என்று கேட்கவில்லை. முதல் பாட்டு இப்போதுதான் முடிந்த மாதிரி, ஏரியைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

“ஒரே நிமிஷம்னு சொன்ன” என்றாள் இங்கெர்.

“ஆமா” என்றார் ஹோகன். “கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

இங்கெர் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழவில்லை. மாலின் பின்னால் வந்து கத்திரிக்கோலால் நறுக்கிவிட்டாள்.

அவர்கள் தளத்தில் இறங்கியதும் இடம் தானாக விலகியது. ஸ்டூரே மெதுவான பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். ஊரை ஆட வைத்த மனிதருக்கு ஆடத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. கற்றுக்கொள்ள அவருக்கு எங்கே நேரம் இருந்தது? மாவுக்கட்டுக் கையை இங்கெரின் முதுகில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை அவள் காலை மிதித்தார். மூன்றாவது தடவை இங்கெரே அவரைத் தள்ளித் திருப்பி நடத்த ஆரம்பித்தாள். சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து ஆறு மாதமாவது இருக்கும். மேடையில் லோவா அழுதுகொண்டே பாடினாள், ஒரு சுருதிகூடத் தவறவில்லை, தொழில் தெரிந்தவள்.

பாட்டு முடிந்தது. வழக்கப்படி ஹோகன் தலை குனிந்து நன்றி சொன்னார். வழக்கப்படி அவளைக் கொண்டுபோய் விடக் கையை நீட்டினார்.

இங்கெர் நகரவில்லை.

எங்கள் ஊரில் ஒரு ஜோடி மூன்றாவது பாட்டுக்கும் தளத்தில் நின்றால், அதற்கு மேல் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஸ்டூரே வாயைப் பிளந்துகொண்டு, குச்சியைத் தட்ட மறந்து பார்த்தார். பிறகு தட்டினார்.

மூன்றாவது பாட்டின் நடுவில்தான் இங்கெருக்கு மஞ்சள் பெட்டி நினைவுக்கு வந்தது. காலில் தாளம் தப்பியது. ஹோகனை அப்படியே தள்ளிக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்தில் போனாள்.

“ஸ்டூரே, மூலைப் பெட்டியை எப்ப திறப்ப?”

“திங்கக்கிழமை ரெண்டு மணிக்கு” என்றார் ஸ்டூரே, கை வாசிப்பை நிறுத்தாமல். “ஏன், ஏதாச்சும் போட்டியா?”

“திருப்பிக் கேட்டா குடுப்பியா?”

ஸ்டூரேயின் புருவம் மேலே போனது. “பெட்டிக்குள்ள விழுந்தது வாங்கப்போறவருக்குச் சொந்தம். நீ சொல்லிக்குடுத்ததுதானே? பாதிரியாருக்கே குடுக்கலியே நீ.”

ஐம்பது வருஷம் அக்கார்டியனோடு இருந்ததில் ஹோகனுக்கு இடது காது சரியாகக் கேட்காது. “என்ன கேட்ட அவனை?” என்றார்.

இங்கெர் அவருடைய மாவுக்கட்டை எடுத்து மறுபடி தன் முதுகில் சரியாக வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணும் இல்ல, நீ ஆடு” என்றாள். “திங்கக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு.”